தொழிலாளர் மூச்சைக் காத்த விஞ்ஞானி ஹால்டேன்

விளக்கு எரிந்தால் காற்று நல்லது. விளக்கு அணைந்தால் திரும்பிவிட வேண்டும். ஐரோப்பாவின் சுரங்கத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த பாடம் இது. ஆனால் விளக்கு சுடர்விட்டு எரிந்துகொண்டிருந்த இடத்திலேயே மனிதர்கள் செத்துக் கிடந்தார்கள். உடலில் காயம் இல்லை. முகத்தில் வேதனையின் சுவடு இல்லை. கன்னங்கள் உயிரோடு இருப்பவர்களைப் போலச் சிவந்திருந்தன. இது எப்படி நேர்ந்தது என்று கேட்டு, விடையைத் தம் சொந்த உடலிலேயே தேடிக் கண்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

1860-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் அவர் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். அண்ணன் ரிச்சர்டு பின்னாளில் பிரிட்டனின் யுத்த அமைச்சராகவும், நீதித்துறையின் உச்சப் பதவியான லார்டு சான்சலராகவும் உயர்ந்தவர். ஜானும் சட்டம், அரசியல் என்று போயிருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர் மருத்துவம் படித்தார். 1884-ல் பட்டம் பெற்றும் நோயாளிகளைப் பார்த்துக் காசு சேர்க்கப் போகவில்லை. மனிதன் சுவாசிக்கும் காற்றை ஆராயப் புறப்பட்டார்.

சாக்கடையில் தொடங்கிய ஆராய்ச்சி

டண்டீ என்பது ஸ்காட்லாந்தின் சணல் ஆலை நகரம். ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரே அறையில் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்த காலம் அது. ஹால்டேனும் அவருடைய சகாக்களும் அந்த வீடுகளிலும், பள்ளிக்கூடங்களிலும் காற்றைக் குப்பிகளில் பிடித்து வந்து சோதித்தார்கள். அதில் எவ்வளவு கரியமில வாயு, எத்தனை கிருமிகள் என்று கணக்கெடுத்தார்கள். சாக்கடைகளுக்குள்ளும் அவர் இறங்கினார். காற்று கெட்டுவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது, எந்த வாயு எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வாழ்நாள் முழுவதும் அதிலிருந்து அவர் வழுவவில்லை. 1887-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகும் அவருடைய கால்கள் சுரங்கங்களையும் சுரங்கப் பாதைகளையும் நாடியே போயின.

அந்நாளில் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்க விபத்துகள் அடிக்கடி நடந்தன. மீத்தேன் வாயு தீப்பற்றி வெடிக்கும். கரித்தூசியும் சேர்ந்து எரியும். ஒரே நாளில் ஐம்பது பேர், நூறு பேர் மாண்டு போவார்கள். வெடிப்பில் செத்தார்கள் என்று கணக்கு எழுதி முடித்துவிடுவார்கள். வெடித்த இடத்துக்கு வெகுதூரத்தில், சிறு காயம்கூட இல்லாமல் கிடந்தவர்கள் எப்படிச் செத்தார்கள் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமலே இருந்தது.

தம் உடலே சோதனைச் சாலை

ஹால்டேனின் சந்தேகம் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவின் மேல் விழுந்தது. கரி, விறகு, எண்ணெய், எரிவாயு என எது எரிந்தாலும் அது முழுமையாக எரியப் போதிய காற்று வேண்டும். காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கண்ணை எரிக்காது, தொண்டையைக் கமறச் செய்யாது. திருடன் வந்தால் நாய் குரைக்கும். இந்தத் திருடன் வந்தால் குரைக்க நம் உடம்பில் நாயே கிடையாது.

ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்லும் கூலியாள். கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தால் இந்தக் கூலியாளைப் பிடித்துக்கொண்டு விடாது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்ளும். ஆகவே காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலும் நேரம் செல்லச் செல்ல ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். சுற்றிலும் நல்ல காற்று இருந்தும், மூளையும் இதயமும் பிராணவாயு இல்லாமல் தவிக்கும்.

எவ்வளவு சேர்ந்தால் மனிதனுக்கு என்ன ஆகும்? இதை அறிய ஹால்டேன் வேறு யாரையும் தேடவில்லை. தாமே உட்கார்ந்து அந்த நச்சு வாயுவைச் சுவாசித்தார். இடையிடையே தம் ரத்தத்தில் ஒரு துளி எடுத்து, நிறத்தை ஒப்பிட்டு அளந்தார். நாடித்துடிப்பையும் மூச்சையும் குறித்து வைத்தார். உட்கார்ந்திருக்கும்வரை பெரிய தொல்லை எதுவும் தெரியவில்லை. எழுந்து நடந்தால் மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. அளவு ஏற ஏறப் பார்வை மங்கியது, கால்கள் துவண்டன, நிற்கப் பிடிமானம் தேவைப்பட்டது. தம் ரத்தத்தில் பாதிக்கு மேல் அந்த வாயு பற்றிக்கொள்ளும்வரை சோதனையைத் தொடர்ந்தார். 1895-ல் இந்த ஆராய்ச்சி அச்சில் வந்தது.

அதிலிருந்து ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது. இந்த வாயு முதலில் திருடுவது உயிரை அல்ல. புத்தியையும் கால்களின் பலத்தையும்தான். ஆபத்து என்று உணரும்போது எழுந்து போகத் திராணி இருக்காது. பலருக்கு ஆபத்து என்ற உணர்வே வராது.

டைலர்ஸ்டவுன் சொன்ன சாட்சி

1896 ஜனவரி 27 அன்று தெற்கு வேல்ஸில் ரோண்டா பள்ளத்தாக்கைச் சேர்ந்த டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. 57 பேர் மாண்டார்கள். ஹால்டேன் அங்கே விரைந்தார். சடலங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். ரத்தத்தின் நிறத்தைப் பார்த்தார். சுரங்கத்துக்குள்ளும் சென்று ஒவ்வொருவரும் எந்த இடத்தில், எந்த நிலையில் கிடந்தார்கள் என்று விசாரித்து அறிந்தார். வெடியின் அடியாலும் நெருப்பாலும் செத்தவர்கள் சிலரே. பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்புக்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடுதான் என்று தெரிந்தது. அதே ஆண்டில் நடந்த வேறு விபத்துகளையும் சேர்த்து ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார்.

அந்த அறிக்கையின் பொருள் மிகப் பெரியது. வெடிப்பில் செத்தவனைக் காப்பாற்ற முடியாது. ஆனால் வெடிப்புக்குப் பிறகு அரை மணியோ ஒரு மணியோ உயிரோடு இருந்து, வழி தேடி நடந்து, நச்சுக் காற்றில் விழுந்தவனைக் காப்பாற்றியிருக்க முடியும். தலைவிதி என்று எழுதிய கணக்கில் பாதிக்கு மேல் விதியின் கணக்கு அல்ல என்று அவர் காட்டினார்.

விளக்கின் மர்மமும் விடுபட்டது. காற்றில் பிராணவாயு மிகவும் குறைந்தால்தான் சுடர் அணையும். ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்குக்கு ஒன்றும் ஆகாது. அதை நம்பி நடந்தவன் விளக்கு எரிய எரியச் சாய்வான்.

மறு ஆண்டே இதற்கு இன்னொரு சாட்சி கிடைத்தது. 1897 மே மாதம், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மான் தீவில், ஸ்நேஃபெல் ஈயச் சுரங்கத்தில் மரச்சட்டங்கள் தீப்பற்றி 20 தொழிலாளர்கள் இந்த வாயுவால் மாண்டார்கள். விசாரிக்க இறங்கிய அரசுச் சுரங்க ஆய்வாளர் கிளமென்ட் லெ நீவ் ஃபாஸ்டர், விஷயம் தெரிந்த நிபுணர். அவரே வாயு தாக்கி அசைய முடியாமல் உட்கார்ந்துவிட்டார். குறிப்புப் புத்தகத்தில் மனைவிக்கு விடைபெறும் வார்த்தைகளையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். நல்லவேளையாக மேலே தூக்கிக் காப்பாற்றினார்கள். படித்தவன், பாமரன் என்ற பேதம் இந்த வாயுவுக்கு இல்லை.

எலியும் குருவியும்

அப்படியானால் விளக்குக்குப் பதில் எதை நம்புவது? ஹால்டேன் சொன்ன வழி மிக எளியது. உருவத்தில் சிறிய பிராணிகளுக்கு மூச்சும் ரத்த ஓட்டமும் மிக வேகம். அதனால் மனிதனைவிடப் பல மடங்கு சீக்கிரம் அவற்றின் ரத்தத்தில் நச்சு ஏறும். மீட்புப் படையினர் கூண்டில் ஒரு சுண்டெலியைக் கொண்டு போகட்டும். அது தள்ளாடினால் மனிதன் திரும்பிவர நேரம் இருக்கும் என்றார். பிறகு கேனரி என்ற சிறு மஞ்சள் குருவி இதற்கு ஏற்றது என்று கண்டார்கள். எலி சும்மாவே சுருண்டு உட்காரும். குருவியோ குச்சியில் நிற்கும். மயங்கினால் பொத்தென்று விழும், இருட்டிலும் தெரிந்துவிடும்.

குருவியைச் சாகவிட வேண்டும் என்பதில்லை. பின்னாளில் வந்த கூண்டுகளில் சிறிய பிராணவாயு உருளையும் இருந்தது. குருவி விழுந்ததும் கதவை அடைத்துப் பிராணவாயுவைத் திறந்தால் அது பிழைத்து எழும். பிரிட்டனின் சுரங்கங்களில் குருவிகளின் உத்தியோகம் 1986 வரை நீடித்தது. அந்த ஆண்டின் முடிவில்தான் மின்னணுக் கருவிகளுக்கு இடம் கொடுத்து அவற்றுக்கு ஓய்வு தர முடிவாயிற்று.

சிகிச்சைக்கும் வழி காட்டியவர் அவரே. அதிக அழுத்தத்தில் பிராணவாயு கொடுத்தால், ரத்தத்தின் ஹீமோகுளோபின் முடங்கிப் போனாலும் எலி உயிர் பிழைக்கிறது என்று 1895-லேயே காட்டினார். இன்று ஆஸ்பத்திரியில் இந்த நச்சுக்குத் தரும் முதல் மருந்து பிராணவாயுதான். ரத்தசோகையை அளக்க அவர் அமைத்த கருவியில், நிறம் ஒப்பிடுவதற்காக வைத்த மாதிரி ரத்தத்தில் ஏற்றியிருந்ததும் இதே கார்பன் மோனாக்சைடுதான். உயிரைக் குடிக்கும் வாயுவையே நோயறியும் கருவியாக்கிவிட்டார்.

ரயில் சுரங்கப் பாதையில்

லண்டனில் பூமிக்கு அடியில் ஓடிய மெட்ரோபாலிடன் ரயில் அந்நாளில் நீராவி எஞ்சினில்தான் ஓடியது. பாதை முழுவதும் புகை. பயணிகளும் ஊழியர்களும் இருமிக்கொண்டே போனார்கள். 1897-ல் இதை ஆராய அரசு அமைத்த குழுவில் ஹால்டேன் இடம்பெற்றார். ஓடும் வண்டியிலும் பாதையிலும் காற்றைப் பிடித்து அளந்தார்கள். பாதையை மின்சார மயமாக்குவதே நல்லது என்பது அதில் விளைந்த முடிவு. 1905-ல் லண்டனின் உள்வட்டப் பாதையில் மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின.

இந்தப் பாடத்தை எல்லா இடத்திலும் கற்கவில்லை. அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1944 மார்ச் மாதம், யுத்தகால இத்தாலியில் பால்வானோ என்ற ஊருக்கு அருகே ஏற்றமான சுரங்கப் பாதையில் ஒரு நீராவி ரயில் நின்றுவிட்டது. எஞ்சின் கக்கிய கார்பன் மோனாக்சைடில் 500-க்கும் மேற்பட்டோர் இருந்த இடத்திலேயே மாண்டனர். வண்டி தடம் புரளவில்லை, மோதவில்லை. காற்று மட்டும் கெட்டது.

மற்றச் சாதனைகள்

மூச்சை இயக்குவது ரத்தத்தில் உள்ள கரியமில வாயுவின் அளவே என்று 1905-ல் நிறுவியவர் ஹால்டேன். ஆழ்கடலில் மூழ்குவோர் மேலே வரும்போது படிப்படியாக நின்று நின்று வர வேண்டும் என்ற அட்டவணையை, ஆடுகளை வைத்துச் சோதித்து 1908-ல் வெளியிட்டார். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் 1915-ல் குளோரின் வாயுவை ஏவியபோது போர்முனைக்கே சென்று அதை அடையாளம் கண்டார். முகமூடிகளைச் சோதிக்கத் தாமும் அந்த வாயுவில் நின்றார்.

வீட்டிலும் ஆய்வுக்கூடம்தான். மகன் ஜாக் சிறுவனாக இருந்தபோதே சுரங்கத்துக்கு அழைத்துப் போனார். ஓரிடத்தில் மகனை நிற்கவைத்து ஒரு நாடக வசனத்தைச் சொல்லச் சொன்னார். பாதியிலேயே பையன் துவண்டு விழுந்தான். தரையில் கிடந்ததும் தெளிந்தான். மீத்தேன் காற்றைவிட லேசானது, கூரையோரம் தங்கும் என்பதை அவன் பிறகு மறக்கவே இல்லை. ஆனால் கார்பன் மோனாக்சைடு ஏறக்குறையக் காற்றின் எடையே உள்ளது. மேலும் கீழும் எங்கும் பரவும். குனிந்தோ படுத்தோ தப்ப முடியாது.

மேதைகளும் தவறுவதுண்டு. நிலக்கரித் தூசி நுரையீரலுக்குப் பெரிய தீங்கு செய்யாது என்று ஹால்டேன் கருதினார். அவர் வாக்குக்கு இருந்த மதிப்பே இங்கே பாதகமாயிற்று. கரித்தூசியும் நுரையீரலைக் கெடுக்கும் என்பது 1940-களில் வேல்ஸ் தொழிலாளர்களிடம் நடந்த ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்ற அவருடைய கொள்கை அவருடைய சொல்லுக்கும் பொருந்தும்.

75 வயதிலும் அவர் ஓயவில்லை. பாரசீகத்திலும் ஈராக்கிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்கள் வெப்ப அயர்ச்சியால் விழுவதை ஆராயப் பயணம் போனார். திரும்பி வந்த சில நாட்களில் நிமோனியா கண்டு, 1936 மார்ச் மத்தியில் ஆக்ஸ்போர்டில் காலமானார். ஆயுள் முழுவதும் காற்றை ஆராய்ந்தவரை நுரையீரல் நோயே கொண்டு போயிற்று.

சுரங்கத்தில் வசனம் சொன்ன அந்த மகன்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற உலகப் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர். 1957-ல் இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகவே ஆனார். 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு ஆராய்ச்சிக்காக அளிக்கப்பட்டது. உடலை அறிவியலுக்குக் கொடுப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம் போலும்.

நமக்கு உரிய பாடம்

2001-ல் மூடப்படும்வரை கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் ஆழமானது. பாறைக்கு வெடி வைத்தால் வரும் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. புகை விலகுமுன் வேலை முகப்புக்குப் போகக்கூடாது என்பது சுரங்கத்தின் பாலபாடம். இன்று அந்த வாயு நம்மைத் தேடி வருவது சுரங்கத்தில் அல்ல, குளியலறையிலும் படுக்கையறையிலும்தான்.

பெங்களூரில் பல வீடுகளில் எரிவாயுவில் வெந்நீர் போடும் கீஸர் இருக்கிறது. காற்றுப் போக்கில்லாத சின்னக் குளியலறைக்குள் அதை மாட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தால், சில நிமிடங்களிலேயே அறையின் காற்று கெடும். சமையல் வாயு கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். எரிந்த பின் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே இல்லை. கீஸரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்ட வேண்டும். அது முடியாவிட்டால் வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, கீஸரை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தலாம்.

மார்கழிக் குளிருக்குக் கரி போட்ட குமுட்டி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ அறைக்குள் வைத்துத் தூங்குவோர் உண்டு. புகை அடங்கிக் கனலாகத்தானே இருக்கிறது என்று நினைப்பார்கள். அந்தக் கனல்தான் நச்சு வாயுவை அதிகம் விடும். பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் வாயுவை இழுத்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரைவது மிக அற்பம். கடைக்குள்ளோ அடைத்த வராந்தாவிலோ ஜெனரேட்டர் ஓட்டுவதும் இதே ஆபத்து.

தலைவலி, மயக்கம், குமட்டல், கால் துவளல் ஆகியவையே அறிகுறிகள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனால் தேறினால் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். விழுந்தவரைக் கண்டால் முதலில் கதவு, சன்னல்களைத் திறந்து, எரிவதை நிறுத்தி, உடனே வெளியே தூக்கி வர வேண்டும். பிறகு தாமதமின்றி ஆஸ்பத்திரி. அங்கே கீஸர் எரிந்தது, கரி எரிந்தது என்பதை டாக்டரிடம் சொல்வது மிக அவசியம். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டர், நச்சு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தமாகவே காட்டி ஏமாற்றிவிடும்.

வெளிக்காற்றுக்கு அரசின் காவல் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் வகுத்த வரம்பின்படி, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் கார்பன் மோனாக்சைடு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. இதை அளக்க நகரங்களில் நிலையங்கள் உண்டு. வீட்டுக்குள் அளக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். அலறி எச்சரிக்கும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கி மாட்டலாம். வசதியில்லாதவர்களுக்குச் செலவில்லாத காவல் ஒன்று உண்டு. எதை எரித்தாலும் அந்த அறையின் சன்னல் திறந்திருக்கட்டும்.